பேட்டரி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது

சேகர்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. இந்தக் கடித உறையை நான் ஒட்டவில்லை. மறந்து போய்விட்டேன் என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லிவிடாதே, வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை. எதிர்வீட்டு ரோஸி காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். "ஆண்டி, ஒட்டாம குடுக்கிறீங்களே, ரயில்ல யாராச்சும் படிச்சிடுவாங்க" என்றாள். படிக்கட்டும் என்றேன். மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள் பெங்களூர் வந்து சேரும்வரை கைமாற்றி கைமாற்றிப் படிக்கட்டும். நீ என்னைப் பற்றி நம்ம தெருக்குழாயடியில், குடம் வைத்துக்கொண்டு நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படிப் பேசினாயே, அப்போது அந்தப் பேச்சுக்கு உறை போட்டா பேசினாய்?

இந்தச் சனிக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு வருவதாகவும், என் கட்டிலையும் பீரோவையும் ஏற்றி என்னையும் ஏற்றிக்கொண்டு போய் உன் பிளாட்டில் பின்பக்க ரூமில் வைக்கப் போவதாகவும் போனில் சொன்னாய். கேட்கவில்லை, சொன்னாய். "உன்னைத் தனியா வுட முடியாதும்மா, இல்லாத வாசனையெல்லாம் வருதுன்ற" என்றாய். அந்த வாசனை இருந்ததா இல்லையா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதைப் படித்துவிட்டு அப்புறம் வேனுக்குச் சொல். இன்னொன்று. உன் சிவப்புக் காருக்கு வேறு சாவி உன்னிடம் இருக்கிறது, எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு துள்ளாதே. காரின் பேட்டரி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ இதை யாரிடமும் முழுசாகச் சொல்லியிருக்க மாட்டாய். போன வருஷம் நீ அந்தக் காரை வாங்கினாய். யாரோ ஓட்டித் தள்ளிவிட்ட பழைய வெளிநாட்டுக் கார், தரையை நக்குகிற உயரம், ரெண்டே ரெண்டு சீட்டு. ரெண்டு சீட்டு காரை வாங்குகிறவன் வீட்டில் மூணு பேர் இருக்கிறோமே என்று யோசிக்க மாட்டானா என்று நான் கேட்டேன். "இது ஸ்போர்ட்ஸ் காரும்மா, உனக்குப் புரியாது" என்றாய். அது முதல் ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு, மகள் தாரணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வருவாய். நேராக வீட்டுக்கு வர மாட்டாய். பேத்தமங்களா ஏரிப் பக்கம் ரோடு காலியாக இருக்கும், அங்கே ஒரு சுற்று சுற்றி, அங்கேயே பங்க்கில் டேங்க்கை ரொப்பிக்கொண்டு, ஆண்டர்சன்பேட்டை பஜாரில் நாலு பேர் பார்க்கும்படி உறுமிவிட்டு, மத்தியானம் என் சமையற்கட்டுச் சுவரை ஒட்டின தகர ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்துவாய். நிறுத்தின அரை மணி நேரத்தில் எனக்கு பெட்ரோல் நாற்றம் வரும்.

முதல் தடவை நீயும் மூக்கை வைத்துப் பார்த்தாய். "ஆமாம்மா, லேசா வருது" என்று சொன்னவன் நீதான், அது உனக்கு ஞாபகம் இருக்காது. கார்க் கதவுக்கு நேர் கீழே சிமெண்டுத் தரையில் கைக்குட்டை அகலத்துக்கு ஈரம் இருந்தது, தொட்டுப் பார்ப்பதற்குள் காய்ந்தது. பெங்களூரில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருக்கிற ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனாய். கதவுக்குக் கீழே போகிற பைப்பை மாற்றிக் கொடுத்தான். அடுத்த முறையும் நாறியது. மறுபடி கொண்டுபோனாய், எஞ்சின் பக்கத்துப் பைப்பை மாற்றினான், காரைத் தூக்கி நிறுத்தி ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன், ஒரு சொட்டு லீக்கு இல்லை என்றான். அதோடு உன் மூக்கு அடைத்துப்போய்விட்டது. அவனிடம் ரெண்டு தடவை கொட்டிக் கொடுத்தது வீண் என்று ஒத்துக்கொள்வதைவிட உன் அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்வது உனக்குச் சுலபமாக இருந்தது.

மூணாவது தடவை நான் அடுப்பை அணைத்தேன், சாமி விளக்கையும் அணைத்தேன், உன்னைக் கூப்பிட்டேன். நீ ஷெட்டு வாசலில் நின்றபடியே, "ஒண்ணும் வரலம்மா" என்றாய். தாரணி உள்ளே போய் மோந்துவிட்டு, "ஆயாக்கு வர்றது எனக்கும் வருதுப்பா" என்றது. அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து வெளியே இழுத்து, "ஆயா சொல்றதையெல்லாம் சொல்லாத, ஆயாக்கு ஒடம்பு சரியில்ல" என்றாய். எட்டு வயசுக் குழந்தை என் முகத்தைப் பார்த்தது. எனக்கு இன்ன வியாதி என்று அந்த முகத்தில் தேடியது. அந்தப் பார்வைக்கு நீ என்றைக்கும் பதில் சொல்ல முடியாது, சேகர்.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நான் குடத்தோடு வரிசையில் நிற்கிறேன். நீ பின்னாலேயே வந்து, "வூட்ல அடுப்பே பத்த வைக்க மாட்டேன்றாங்க, விளக்கை அணைக்கிறாங்க, எப்பப் பாத்தாலும் பெட்ரோல் வாசனைன்றாங்க. உங்க யாருக்காவது வாசனை வருதான்னு சொல்லுங்க" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டாய். வரிசையிலிருந்த மேரியம்மா, "வயசானா அப்படித்தாம்பா, வுடு" என்றாள். நீ விடவில்லை. "அஞ்சாவது படிச்சவங்க. மெக்கானிக்கு ரெண்டு தடவை பாத்துட்டு இல்லன்றான், இவங்க இருக்குதுன்றாங்க" என்றாய். நான் படித்தது அஞ்சாவதுதான். அதில் நான் முதல் ராங்க் என்பதை மட்டும் ஏன் விட்டுவிட்டாய்?

அடுத்த வாரமே பெங்களூர் ஆஸ்பத்திரி. இன்று என்ன கிழமை, கடிகாரம் வரைந்து காட்டுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள் என்று அந்த டாக்டர் பையன் கேட்டான். தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு என்று ஆரம்பித்தேன். அஞ்சு தடவை கழித்ததும் போதும் பாட்டி என்றான். நான் நிறுத்தவில்லை, கடைசிவரை போய், "ரெண்டு மிச்சம் இருக்கு சார், அதை இன்னா பண்றது?" என்று கேட்டேன். நர்ஸ் சிரித்துவிட்டது. மூளை நன்றாக வேலை செய்கிறது, ஆனால் இல்லாத வாசனை வருகிறது என்றால் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள் என்றான் டாக்டர். நீ அந்த "ஆனால்"க்கு முன்னால் இருந்ததையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலிலேயே உதறிவிட்டு வந்தாய். வரும் வழியில் பின்பக்க ரூமுக்கு என்ன பெயிண்டு அடிப்பது என்று என்னிடம் கேட்டாய்.

இனி நான் செய்ததைக் கேள். வீட்டுக்கு வந்ததும் தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிற மாசக் காலண்டரை எடுத்தேன். நீ வந்த ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் நாற்றம் வந்ததா, எப்போது வந்தது, எப்போது நின்றது என்று எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத ஒன்று தெரிந்தது. மத்தியானம் நிறுத்தினதும் வரும், சாயங்காலம் வெயில் இறங்கினதும் குறையும், ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பும்போது இருக்கவே இருக்காது. பேத்தமங்களா பங்க்கில் ஸ்டாக் இல்லை என்று நீ முணுமுணுத்துக்கொண்டே வந்தாயே ஒரு சனிக்கிழமை, அன்றைக்கு நாற்றமே இல்லை. நான் ரெண்டு தரம் ஷெட்டுக்குள் போய் மோந்து பார்த்தேன். இல்லை. மூளை கலங்கினவளுக்கு பங்க்கில் ஸ்டாக் இல்லாத நாளாகப் பார்த்து மூக்கு சரியாகுமா? எந்த வியாதிக்கும் அவ்வளவு அறிவு கிடையாது.

அதனால்தான் போன வாரம் உன் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டேன். ஆமாம், நான்தான். நீ வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாய். "எங்கயோ வெச்சிட்டு மறந்துட்டாங்க பாரு" என்று போனில் உன் பெண்டாட்டியிடம் நீ சொன்னபோது நான் அதே அரிசி டின்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பேச்சையும் விழுங்கிக்கொண்டேன். நீ தாரணியைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினாய். கார் இங்கே நின்றது, முதல்நாள் ரொப்பின பெட்ரோலோடு.

திங்கட்கிழமை காலையில் பாஷாவைக் கூப்பிட்டேன். உன்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். பஜாரில் டூவீலர் ரிப்பேர் பார்க்கிறான். உன் காரை ஒருமுறை ஆசையாகத் தொட்டுப் பார்க்க வந்தவனை, "இது டிவிஎஸ் இல்லடா, கைய எடு" என்றாயே, அதே பாஷா. "இன்னாமா, உங்க புள்ள வந்தா என்ன வெட்டிப் போட்ருவான்" என்றான். வெட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பார் என்றேன். காலண்டரைக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் அதையே பார்த்தான். "அம்மா, இவனுங்க எல்லாம் காரைப் பாத்தானுங்க. நாளைப் பாக்கல" என்றான். அந்த மெக்கானிக் காரைத் தூக்கி நிறுத்திப் பார்த்ததெல்லாம் செவ்வாய், புதன். அதற்குள் நீ பெங்களூருக்கு ஓட்டிப் போய், ஆபீசுக்கும் ஓட்டி, டேங்க் பாதிக்கு வந்திருக்கும். பாதி டேங்க்கில் இது ஒழுகாது. முழு டேங்க்கில், அதுவும் தகரக் கொட்டகைச் சூட்டில் பெட்ரோல் பொங்கி மேலே ஏறும்போதுதான் ஒழுகும். அப்படியென்றால் ஓட்டை மேலே இருக்க வேண்டும், கதவுக்குக் கீழே இல்லை.

உங்கப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பம்ப் ஃபிட்டராக இருந்த காலத்தில் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதெல்லாம் இதைத்தான் சொல்வார். பன்னெண்டாம் லெவல்ல தலைமேல் தண்ணி சொட்டினா அங்க பைப்பை மாத்துறவன் மடையன், ரெண்டு லெவல் மேல ஏறிப் பாக்கணும், சொட்டுற எடம் வேற ஓட்டை வேற என்பார். நீயும் அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாய். சோறு மட்டும் இறங்கியிருக்கிறது.

பாஷா முதலில் பேட்டரியைக் கழற்றினான், பொறி கிறி வரக்கூடாது என்று. நான் அடுப்பு, விளக்கு எல்லாம் அணைத்து, பக்கத்து வீட்டுக்காரரின் பீடியையும் அணைக்க வைத்தேன். காரை ஷெட்டிலிருந்து வெயிலில் தள்ளினோம். டேங்க் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறதாம். டிக்கியில் விரித்திருந்த கம்பளத்தையும் ஒரு தட்டியையும் கழற்றினால், பெட்ரோல் ஊற்றுகிற வாயிலிருந்து டேங்க்குக்குப் போகிற கைத் தடிமன் ரப்பர் குழாய் தெரிந்தது. எங்கும் ஈரம் இல்லை. பாஷா தலையைச் சொறிந்தான். நான் உள்ளே போய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தேன். "தூவுடா" என்றேன். அவன் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தூவினான். குழாய், கிளிப்பு, டேங்க் தலை எல்லாம் வெள்ளை. கேனில் பெட்ரோல் வாங்கி வந்து வாய் வரைக்கும் ஊற்றினான். நான் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.

வெயில் ஏறி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ரப்பர் குழாயின் அடிப்பக்கம், கிளிப்பு கடிக்கிற இடத்துக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாத பக்கம், மாவு சாம்பல் நிறத்தில் நனைந்தது. நூல் மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடு டேங்க் தலையில் இறங்கி, காரின் அடிச்சட்டத்துக்குள் புகுந்து, சட்டத்தோடேயே முன்னால் ஓடி, கதவுக்குக் கீழே அதே கைக்குட்டை இடத்தில் வந்து சொட்டியது. உன் மகள் உட்கார்கிற சீட்டுக்கு அடியில். பாஷா குழாயை வளைத்துப் பிடித்தான், விரிசல் வாயைத் திறந்தது. "யாரோ கிளிப்பை முரட்டுத்தனமா இறுக்கி ரப்பரைக் கடிக்க வுட்ருக்கான்மா" என்றான். நான் அழுதேன் என்று அவன் உன்னிடம் சொல்வான். கண்ணில் பெட்ரோல் நெடி பட்டது, அவ்வளவுதான்.

டேங்க்கில் இருந்த பெட்ரோலைக் கேனில் இறக்கிவிட்டு, பெட்ரோலுக்கென்றே விற்கிற புதுக் குழாயை வாங்கிவந்து போட்டான். ரெண்டு பக்கமும் புதுக் கிளிப்பு, போதுமான அளவுக்கு இறுக்கம். மறுபடி மாவு, மறுபடி வாய் வரைக்கும் பெட்ரோல், மறுபடி வெயில். மூணு நாள் பார்த்தோம். மாவு வெள்ளையாகவே இருந்தது. வெட்டி எடுத்த பழைய குழாய்த் துண்டை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். ரயிலில் எல்லோரும் மோந்து பார்த்திருப்பார்கள். நீயும் பார்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் பாஷா கிளம்பும்போது ஒன்று கேட்டான். "அம்மா, இவன் எப்படி பெட்ரோல் போடுறான்? பம்ப்பு தானா நின்னதும் வுட்டா இந்தக் குழாய்ல பெட்ரோலே நிக்காதே" என்றான். எனக்குத் தெரியும். ஒரு தடவை தாரணி வரவில்லை, பேத்தமங்களாவுக்கு என்னை அந்தக் காரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனாய். பம்ப் "டக்" என்று நின்றது. நீ இறங்கிப் போய், "இன்னும் போடுங்க, கழுத்து வரைக்கும் போடுங்க" என்று சொல்லி, காரைப் பிடித்து ஆட்டி ஆட்டி, குமிழி அடங்க விட்டு, மறுபடி போடச் சொன்னாய். பங்க்காரர், "சார், ஜாஸ்தி ஆகுத்தே" என்று கன்னடத்தில் சொன்னார். நீ கேட்கவில்லை. "காலி வெச்சா எங்கம்மா அடிப்பாங்க" என்று அவரிடம் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அது யார் சொல்லிக் கொடுத்த பேச்சு என்று எனக்கு உறைத்தது பாஷா கேட்டபோதுதான்.

உனக்குப் பத்து வயசு. வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணீர். நீ முக்கால் குடம் கொண்டுவந்தாய், வழியில் தளும்பியிருக்கும். எனக்கு என்ன கோபமோ, உன் கையிலிருந்து குடத்தைப் பிடுங்கி அந்த முக்கால் குடத்தையும் முற்றத்தில் கொட்டினேன். கழுத்து வரைக்கும் கொண்டு வா, காலி வைக்காதே என்று கரண்டியால் ரெண்டு வைத்துத் துரத்தினேன். நீ போவதற்குள் குழாய் நின்றுவிட்டது. ஷிஃப்ட் முடிந்து உங்கப்பா வந்து குளிக்கத் தண்ணீர் கேட்டார். புள்ள கீழே கொட்டிட்டான் என்று சொன்னேன். நீ கதவோரம் நின்று என்னைப் பார்த்தாய். நான் கொட்டலப்பா என்றாய். பொய் வேற சொல்றியா என்று அவர் பெல்ட்டைக் கழற்றினார். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். இந்த முப்பத்தஞ்சு வருஷத்தில் நீயும் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. நீ கழுத்து வரைக்கும் ரொப்பிக்கொண்டே இருந்திருக்கிறாய்.

அந்தத் தண்ணீரைக் கொட்டினது நான். உங்கப்பா செத்துப்போனார், அவரிடம் சொல்ல முடியாது. அதனால் உன்னிடமும், இந்த ரயிலில் படிக்கிறவர்களிடமும் எழுத்தில் சொல்கிறேன். உண்மை சொன்னவனை நான் பொய்யனாக்கினேன். ஆனால் இதைக் காட்டி நீ தப்பிக்கப் பார்க்காதே. நீ எனக்குச் செய்தாய், நான் உனக்குச் செய்தேன், ரெண்டும் சரியாகப் போச்சு என்று கணக்குத் தீர்க்கிற புத்தி உன்னிடம் உண்டு. அது ஆகாது. பத்து வயசில் உனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் எழுபது வயசுக்காரிக்கு அதையே செய்தாய். உன் மகள் உண்மை சொன்னபோது அவள் கையைப் பிடித்து இழுத்தாயே, அங்கே மூணாவது ஆளாக அவளுக்கும் அதையே இறக்கிவிட்டாய். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஆகவே வேன் வேண்டாம். நான் எங்கும் வரவில்லை. பின்பக்க ரூமுக்கு உனக்குப் பிடித்த பெயிண்டை அடித்து நீயே படுத்துக்கொள். சனிக்கிழமை ரயிலில் வா, தாரணியைக் கூட்டிக்கொண்டு வா. அன்றைக்குத் தண்ணீர் வரும் நாள். வரிசையில் அன்று நின்ற எல்லோரும் நிற்பார்கள், மேரியம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன், பாஷாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீ வீட்டுக்குள் வந்து காலில் விழுகிற வேலையெல்லாம் எனக்கு வேண்டாம். எங்கே நின்று சொன்னாயோ அங்கேயே நின்று, "எங்கம்மாவுக்கு வந்த வாசனை நெசம், தாரணிக்கு வந்ததும் நெசம்" என்று சத்தமாகச் சொல். குழந்தை கேட்க வேண்டும். நீ சொல்லி முடித்ததும், அந்தத் தண்ணீரை யார் கொட்டினது என்று நானும் அதே இடத்தில் வாயால் சொல்கிறேன்.

அப்புறம் பாஷா பேட்டரியை மாட்டுவான். நீ சொல்ல மாட்டேன் என்றால் அது என் கட்டிலுக்கடியிலேயே கிடக்கட்டும், கார் அந்த ஷெட்டிலேயே நிற்கட்டும், நாற்றமில்லாத காரால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு நான் முதலில் போய் வரிசை போட்டு வைக்கிறேன். நீ வந்து பிடி. முக்கால் போதும்.

உன் அம்மா